ஒட்டடைக் கம்பும் எலுமிச்சைத் தோலும்

எல்லாருக்கும் வணக்கம். பொங்கலுக்கு வீட்டைத் தட்டித் துடைக்கிற நேரம் பார்த்து என்னைக் கூப்பிட்டு, எட்டுக்கால் பூச்சியை விரட்ட நம்ம பக்கத்தில் என்னென்ன கைவைத்தியம் உண்டு, கொஞ்சம் பேசுங்களேன் என்றார்கள். சரி என்றேன். எங்களுடையது அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பழைய வீடு, தார்சா, பட்டாசல், அடுக்களை, அதற்கும் பின்னால் மாட்டுத்தொழு என்று ரயில் பெட்டி மாதிரி நீளமாகப் போகும், மேலே மர உத்தரம். நூலாம்படைக்கு இதை விட வசதியான இடம் கிடையாது.

என் ஆச்சிக்குச் சிலந்தியைக் கொல்வது பிடிக்காது. திருவானைக்காவலில் லிங்கத்தின் மேல் சருகு விழாமல் வலை கட்டிய சிலந்திதான் மறுபிறவியில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது என்று கதை சொல்லுவாள். ஆனால் வலையை விட மாட்டாள். "ஏல, அத அடிக்காத, ஆனா வீட்ட மட்டும் பிச்சு எறிஞ்சிரு" என்பாள். ராஜாவாகப் பிறக்கப் போகிற ஜீவனுக்கு எங்கள் வீட்டில் கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.

கைவைத்தியத்துக்கு வருகிறேன். மூலையில் எலுமிச்சம்பழத் தோலைத் தேய்ப்பது, மஞ்சள் தண்ணீர் தெளிப்பது, வேப்பிலையும் நொச்சியும் போட்டுப் புகை காட்டுவது, அலமாரிக்குள் கற்பூரம் வைப்பது, இவையெல்லாம் உங்களுக்கும் தெரிந்தவை. இப்போது செல்போனைத் திறந்தால் வினிகர், புதினா எண்ணெய் என்று புதுசாக வேறு வருகிறது. நான் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். எலுமிச்சைத் தோலைத் தேய்த்துவிட்டு அங்கேயே ஜன்னல் கட்டையில் வைத்திருந்தேன், நாலாம் நாள் போய்ப் பார்த்தால் காய்ந்த தோலிலேயே ஒரு நூலைக் கட்டி வைத்திருக்கிறது! நான்தான் சரியாகத் தேய்க்கவில்லை போல என்று நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, 2018-ல் வெளியான ஒரு ஆய்வில் மூன்று வகைச் சிலந்திகளை வைத்து இதைச் சோதித்திருக்கிறார்கள், எலுமிச்சை எண்ணெயை ஒன்றுகூட சட்டை செய்யவில்லை. புதினா எண்ணெய்க்கு இரண்டு வகை ஒதுங்கிப் போயின. ஆனால் நம் வீட்டு மூலையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, தொட்டால் வலையோடு கிடுகிடுவென்று ஆடுமே ஒல்லிக்கால் சிலந்தி, அது அந்த மூன்றில் இல்லை. அதோடு அந்த எண்ணெய் வாசனை காற்றோடு போய்விடும், திரும்பத் திரும்பத் தெளிக்க வேண்டும், விலையும் கூட. வீட்டில் பூனை இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள், பூனைக்கு அது ஆகாது. கற்பூரத்தையும் சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைக்க வேண்டாம், மிட்டாய் என்று வாயில் போட்டால் வலிப்பு வரைக்கும் கொண்டு போய்விடும்.

வினிகர் கதை என் சொந்தக் கதை. எங்கள் பட்டாசலில் சிவப்புக் காவித் தரை, கண்ணாடி மாதிரி இருக்கும். சுவரோரம் தாராளமாகத் தெளித்துவிட்டுத் துடைக்காமல் போய்விட்டேன். புளிப்புக்கும் சிமெண்டுக்கும் ஆகாது, சுண்ணாம்புச் சுவருக்கும் ஆகாது, அரித்துவிடும். இப்போதும் சுவரோரமாக வெளுத்த பொட்டுகள் இருக்கின்றன. சிலந்தியும் இருக்கிறது.

உண்மையிலேயே வேலை செய்தது எது என்றால், ஆச்சி வருஷா வருஷம் செய்த வெள்ளையடிப்புதான். அதில் சுண்ணாம்பின் வாசனைக்கோ காரத்துக்கோ எவ்வளவு பங்கு என்று நான் வாதாட வரவில்லை. வெள்ளையடிக்க வேண்டுமென்றால் முதலில் என்ன செய்வோம்? சாமான்களை முற்றத்துக்கு எடுத்துப் போட வேண்டும், உத்தரம் வரைக்கும் ஒட்டடை அடிக்க வேண்டும், சுவரில் வெடிப்பு இருந்தால் பூச வேண்டும். பஞ்சு உருண்டை மாதிரி முட்டைப் பை ஒட்டிக்கொண்டிருக்கும் பாருங்கள், அது அப்போதுதான் மொத்தமாக வெளியே போகும். ஒரு பையை விட்டுவிட்டால் அதிலிருந்து நூற்றுக்கணக்கில்கூடக் குஞ்சு வரலாம். வலை நெய்வதும் அதற்குச் சும்மா வருகிற வேலையில்லை, அந்த நூல் அது தின்ற தீனியிலிருந்து வருகிறது. வாரம் ஒருமுறை ஒரே மூலையைக் கலைத்துக்கொண்டே இருந்தால் இந்த இடம் கட்டுப்படியாகாது என்று நகர்ந்துவிடும். மஞ்சள் தண்ணீர் தெளிக்கிறவர்களும் துடைத்துவிட்டுத்தானே தெளிக்கிறார்கள், பேர் மட்டும் மஞ்சளுக்குப் போய்விடுகிறது.

இன்னொன்று விளக்கு. ஐப்பசி கார்த்திகை மழையில் ஈசலும் கொசுவும் டியூப்லைட்டைச் சுற்றி மொய்க்கும், சிலந்தி அதன் பக்கத்திலேயே கடை போடும். வாசல் விளக்கை மங்கலான மஞ்சள் வெளிச்சத்துக்கு மாற்றிப் பாருங்கள், தேவையில்லாத நேரத்தில் அணைத்து வையுங்கள். தீனி குறைந்தால் அதுவும் குறையும். எனக்கு எந்த எண்ணெயையும் விட இதில்தான் பலன் தெரிந்தது.

பக்கத்து வீட்டு மதினி கேட்டார்கள், "அது மேல ஊர்ந்தா அக்கி வந்துருமாமே, நெசமா?" என்று. இல்லை. அக்கி என்பது சின்ன வயதில் அம்மை போட்ட கிருமி உடம்புக்குள்ளேயே ஒளிந்திருந்து பிறகு எழும்புவது. காவியைக் குழைத்து எழுதிக்கொள்வதோடு நிற்காமல் டாக்டரையும் பார்த்துவிடுங்கள், முதல் இரண்டு மூன்று நாளுக்குள் மருந்து தொடங்கினால் நல்லது.

கடைசியாக, காலண்டருக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்குச் சப்பையாக ஒன்று ஒட்டிக்கொண்டிருக்குமே, அதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் அலறும். அது வலையே கட்டாது, ராத்திரியில் அலைந்து கரப்பான் பிடிக்கிற ஆள். எங்கள் அடுக்களையில் ஒன்றை விட்டு வைத்திருக்கிறேன். கரப்பான் குறைந்திருக்கிறது என்பது என் கட்சி. வீட்டுக்காரி ஒப்புக்கொள்ளவில்லை, இன்று நான் கிளம்பும்போதுகூடக் கம்பு எங்கே என்று தேடிக்கொண்டிருந்தாள். வணக்கம்.