இத்தாலியன் வெர்ப்ல அழுத்தம் எங்க விழும்?

வணக்கம் மக்களே! இத்தாலியன்ல "அவங்க பேசுறாங்க"ன்னு சொல்லச் சொன்னா நம்மாளுங்க நிறைய பேரு "பர்லானோ"ன்னு லாவ இழுப்பாங்க, ஏன்னா கடைசிக்கு முந்தின அசைலதான் அழுத்தம்னு படிச்சிருப்பாங்க, பெரும்பாலான வார்த்தைக்கு அது சரிதான், இங்க மட்டும் மாட்டிக்கும். சரியானது பர்-ல-னோ, அழுத்தம் "பர்"ல.

மொதல்ல அசை பிரிக்கிறத சட்டுனு பாத்துருவோம். ரெட்டை மெய் வந்தா நடுவுல வெட்டு: லெஜ்-ஜெ-ரெ. "ஸ்"க்கு அடுத்து மெய் வந்தா அந்த ஸ் அடுத்த அசைக்குப் போயிரும், அதனால காத்திருக்கிறதுக்கு அ-ஸ்பெத்-தா-ரெ. நம்ம வாய் "அஸ்"னு வெட்டப் பாக்கும், விடாதீங்க.

(ஸ்க்ரீன்ல: பர்-லோ, பர்-ல-னோ, பர்-லியா-மோ, பர்-லா-தெ)

இப்பதான் முக்கியமான விஷயம். "நான்" வடிவத்துல அழுத்தம் எந்த அசைல இருக்கோ, "அவங்க" வடிவத்துலயும் அதே அசைதான், பின்னாடி எத்தனை அசை ஒட்டினாலும் நகராது. நான் பேசுறேன், பர்-லோ. அவங்க, பர்-ல-னோ. "நாம", "நீங்க" ரெண்டுலதான் அழுத்தம் விகுதிக்குத் தாவும், லியா, லா.

ஃபோன் பண்றதுக்கு தெ-லெ-ஃபோ-னா-ரெ, அழுத்தம் "னா"ல. நான் பண்றேன்னா தெ-லெ-ஃபோ-னோ, அழுத்தம் "லெ"ல. அவங்கன்னா தெ-லெ-ஃபோ-ன-னோ, இப்பவும் "லெ"தான், கடைசிலேந்து எண்ணினா நாலாவது அசை! கேக்க அவ்ளோ அழகா இருக்கும்.

மாத்தி அழுத்தினா அர்த்தமே மாறும். க-பி-த-னோ, ஒரே எழுத்து வரிசை. "க"வ அழுத்தினா "அதெல்லாம் நடக்குது", "த"வ அழுத்தினா கேப்டன், கடைசி "னோ"வ அழுத்தினா "அவர் தலைமை தாங்கினார்". இதுல மூணாவதுக்கு மட்டும்தான் எழுத்து மேல கோடு போட்டே ஆகணும், மத்த ரெண்டும் சாதாரணமா கோடு இல்லாமதான் அச்சுல வரும், படிக்கிறவங்களே புரிஞ்சுக்கணும்.

"எரெ"ல முடியுற வெர்ப்தான் கொஞ்சம் படுத்தும். பாக்குறதுக்கு வெ-தே-ரெ, அழுத்தம் நடுவுல. எடுக்குறதுக்கு ப்ரென்-தெ-ரெ, அழுத்தம் முதல்ல. எழுத்தப் பாத்து கண்டுபிடிக்க வழியில்ல, ஒவ்வொண்ணா காதுல ஏத்திக்கணும். "ஆரெ", "இரெ"ல முடிஞ்சா கவலையே இல்ல, எப்பவும் அந்த ஆ, ஈ மேலதான்.

புது வெர்ப் கிடைச்சா ட்ரெக்கானி அகராதி ஆன்லைன்ல ஃப்ரீயா இருக்கு, அதுல தேடுங்க. அபிதாரெ, அதாவது குடியிருக்கிறது, அதப் போட்டா பக்கத்துல அடைப்புக்குறிக்குள்ள "நான்" வடிவம் அழுத்தக் கோட்டோட இருக்கும், முதல் "அ" மேல. அதப் பாத்தாச்சுன்னா அ-பி-த-னோவ எங்க அழுத்தணும்னு யாரையும் கேக்க வேண்டாம்.