யோசனையும் குளிசையும்: ஹராரேயின் வாங்கு ஆய்வு

(திரையில்: மரநிழலில் ஆளில்லாத ஒரு மர வாங்கு.)

யாழ்ப்பாணத்தில் ஒருவர் நித்திரையில்லாமல், சாப்பாட்டில் மனமில்லாமல் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டு போனால், வீட்டார் அதை மனச்சோர்வு என்று சொல்வது அரிது. "அவளுக்குச் சரியான யோசனை" என்றுதான் சொல்வார்கள். சிம்பாப்வேயின் சோனா மொழியிலும் இதற்கு ஏறக்குறைய இதே சொல் இருக்கிறது. "குஃபுங்கிசிசா", அதாவது அளவுக்கு மிஞ்சி யோசித்தல். எச்.ஐ.வி. பராமரிப்பையும் உளநலத்தையும் ஒருங்கே தொட்ட ஆய்வுகளில் நான் மிகவும் மதிக்கும் ஒன்று, மக்களின் இந்தச் சொல்லையே நோயின் பெயராக ஏற்றுக்கொண்டு தொடங்கியது. அதற்குத் தலைமை தாங்கியவர் உளமருத்துவர் டிக்சன் சிபாண்டா.

யோசனைக்கும் கிருமிக்கும் என்ன தொடர்பு என்பதை முதலில் பார்த்துவிடுவோம். எச்.ஐ.வி.க்கான மருந்து கிருமியை உடலிலிருந்து முற்றாக அகற்றுவதில்லை. பெருகவிடாமல் அடக்கி வைக்கிறது. நாள் தவறாமல் குளிசை எடுப்பவரின் இரத்தத்தில் கிருமியின் அளவு பரிசோதனைக்கே தென்படாத அளவுக்குக் குறைந்துவிடலாம். அந்த நிலை நீடிக்கும்வரை அவரிடமிருந்து உடலுறவின் மூலம் இன்னொருவருக்குத் தொற்றுப் பரவுவதில்லை. குளிசை அடிக்கடி தவறினால் கிருமி மீண்டும் பெருகும். அந்த மருந்துக்கு அடங்காத வகையாக மாறவும் கூடும். மனச்சோர்வில் இருப்பவருக்கோ நாளைய பொழுதிலேயே பிடிப்பு இருப்பதில்லை. அப்படியான ஒருவர் வாழ்நாள் முழுவதும் எடுக்கவேண்டிய குளிசையை, பல வேளைகளில் வீட்டாருக்கும் மறைத்து, எப்படித் தவறாமல் விழுங்குவார்? போதாக்குறைக்கு, நீண்ட காலம் பரவலாக வழங்கப்பட்ட எபாவிரென்ஸ் என்னும் மருந்தே சிலருக்குக் கெட்ட கனவுகளையும் மனச்சோர்வையும் தந்தது. 2019 இல் உலக சுகாதார தாபனம் டொலுடெக்ராவிரை முதல்நிலை மருந்தாகப் பரிந்துரைத்த பின்னர் அந்தச் சிக்கல் குறைந்தது. தனிமையும் வெட்கமும் எந்தக் குளிசையாலும் குறைவதில்லை.

(திரையில்: ஹராரேயின் வரைபடம், ம்பாரே பகுதி வட்டமிடப்படுகிறது.)

சிம்பாப்வேயில் உளமருத்துவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவிலேயே இருந்தார்கள். ஆகவே 2006 இல் சிபாண்டா, தலைநகர் ஹராரேயின் ம்பாரே பகுதியில் 14 மூதாட்டிகளோடு வேலையைத் தொடங்கினார். மருத்துவம் படிக்காவிட்டாலும், அந்தத் தெருக்களில் வாழ்ந்து, பிள்ளைகளை வளர்த்து, சாவு வீடுகளுக்குப் போய்வந்த பெண்கள் அவர்கள். சுகாதார நிலையத்தின் வளவில் ஒரு வாங்கு போடப்பட்டது. வந்து அமர்பவர் முதலில் மனத்தைத் திறந்து பேசுவார். பிறகு, சொன்ன கவலைகளுள் ஒன்றைத் தானே தெரிந்தெடுத்து, அதற்குத் தன்னால் இந்தக் கிழமையே செய்யக்கூடியது என்ன என்று மூதாட்டியோடு சேர்ந்து தீர்மானிப்பார். அடுத்த சந்திப்பில் அது நடந்ததா என்று பார்ப்பார்கள். "கவலைப்படாதே பிள்ளை" என்று ஆறுதல் சொல்லி அனுப்புவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டு.

இது உண்மையில் பயன்தருகிறதா என்பதை அறிய 24 சுகாதார நிலையங்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 573 பேர் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ 42 சதவீதமானோர் எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்பவர்கள். ஒரு பிரிவினருக்கு ஆறு வாங்குச் சந்திப்புகள்; மற்றப் பிரிவினருக்குச் சற்று மேம்படுத்தப்பட்ட வழமையான கவனிப்பு. ஆறு மாதங்களின் பின்னர், வழமையான கவனிப்புப் பெற்றவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்டன. வாங்கில் அமர்ந்தவர்களிலோ 14 சதவீதமானோரிடம் மட்டுமே. 2016 டிசம்பரில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் இம்முடிவு வெளியானது. இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும்: இந்த ஆய்வு முதன்மையாக அளந்தது மனத்தின் அறிகுறிகளையே; கிருமியின் அளவை அல்ல. வாங்கில் அமர்ந்தால் கிருமி அடங்கும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. தற்கொலை எண்ணம் தீவிரமாக இருந்தவர்களும் இதில் சேர்க்கப்படவில்லை; அவர்களுக்கு மருத்துவரின் கவனிப்பே வேண்டும்.

நம்மிடையே இதைப் பேசும்போது பலரும் மூதாட்டிகளைப் பற்றியே வியக்கிறார்கள். அந்த வாங்கு எல்லோருக்கும் உரியதாக இருந்தது என்பதையே நான் பெரிதாக நினைக்கிறேன். கணவனின் அடிக்காக அழுபவரும், வேலையிழந்தவரும், எச்.ஐ.வி. உள்ளவரும் அதே பலகையில்தான் அமர்ந்தார்கள். அங்கே இருப்பவரைப் பார்த்து அவருக்கு என்ன வருத்தம் என்று எவரும் ஊகிக்க முடியாது.

யாழ்ப்பாணத்தில் புதிதாகச் சந்திப்பவரிடம் "எந்த ஊர், ஆற்றை பிள்ளை?" என்று கேட்பது வழக்கம். ஊர்க்காரர் ஒருவர் காது கொடுத்தால் மனம் ஆறும். ஆனால் தனக்கு எச்.ஐ.வி. இருப்பது அதே ஊர்க்காரருக்குத் தெரிந்துவிட்டால், தங்கையின் கலியாணப் பேச்சுவரை அது போய்விடுமோ என்ற பயம் வரும். போர் தனியாளை மட்டுமன்றிக் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்தியது என்று உளமருத்துவர் தயா சோமசுந்தரம் வடக்கைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒருவரையொருவர் நம்பும் பழக்கமும் அந்தக் காயத்தில் அடங்கும். ஆகவே எச்.ஐ.வி. கிளினிக்கின் வாசலில் மட்டும் ஒரு வாங்கைப் போட்டால் அதில் எவரும் அமரமாட்டார்கள். நீரிழிவுக்கும் பிறஷருக்கும் காலையிலேயே வரிசையில் நிற்கும் பொதுக் கிளினிக்கின் வேப்பமர நிழலில் அதைப் போடவேண்டும். கேட்பவர் அடுத்த பிரதேசத்திலிருந்து வரவேண்டும். நோயின் பெயரைச் சொல்லாமலே பேச்சைத் தொடங்க இடமிருக்கவேண்டும்.

(திரையில்: 1926 என்ற இலக்கம்.)

இலங்கையில் எச்.ஐ.வி. பரிசோதனையும் மருந்தும் அரசாங்கக் கிளினிக்குகளில் இலவசம். இன்றிரவே எவரோடாவது பேசவேண்டும் போலிருப்பவர்கள், தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை அழைக்கலாம்.