வால்வு லீக்: எதுவரைக்கும் காத்திருக்கலாம்?

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். இதய வால்வு லீக் பத்தி பேசணும்னு கூப்பிட்டாங்க. நான் டாக்டர் இல்ல, அத முதல்லயே சொல்லிடறேன், நான் எக்கோ, அதாவது இதயத்துக்கு எடுக்கற ஸ்கேன், எடுக்கறவ. இருட்டு ரூம்ல இடது பக்கமா ஒருக்களிச்சு படுக்கச் சொல்லி, நெஞ்சுல ஜெல்ல தடவி, மூச்ச விடுங்க, அப்படியே நிறுத்துங்கன்னு சொல்லிட்டே இருப்பாங்களே, அந்த வேலை. ரொம்ப வருஷமா அதேதான். ரத்தம் ஓடற வேகத்த மெஷின் சத்தமாவும் காட்டும், உஸ்ஸு உஸ்ஸுன்னு ஸ்பீக்கர்ல வரும், அது கேட்டதுமே படுத்திருக்கறவங்க கண்ணு நேரா என் முகத்துக்குத்தான் வரும். "மேடம், ஏதாவது இருக்குதா?" டாக்டர் சொல்லுவாருன்னுதான் நான் சொல்ல முடியும். ஆனா அந்த கேள்விக்கு அப்புறம் அவங்க வீட்டுக்கு போயி என்னென்ன யோசிப்பாங்கன்னு எனக்கு தெரியும், அதனாலதான் இன்னிக்கு வந்தேன்.

முதல்ல பயத்த கொஞ்சம் இறக்கி வெச்சுடலாம். ரிப்போர்ட்ல ட்ரிவியல்னோ மைல்டுன்னோ ஒரு வார்த்தை இருந்தா, அதுலயும் குறிப்பா ட்ரிவியல்னு இருந்தா, பெரும்பாலும் அது நோயே கிடையாது. நல்லா ஓடியாடற இளவயசுக்காரங்களுக்கு எக்கோ பாத்தாலும் ஏதோ ஒரு வால்வுல துளி லீக் தெரியும். மெஷின் அவ்வளவு நுணுக்கமா பாக்குது, அதான். "எனக்கு வால்வு லீக்காம்"னு அன்னிலேர்ந்து மாடி ஏறுறதையே விட்டவங்கள நான் பாத்திருக்கேன், மனசு வலிக்கும். வால்வே பாக்க நல்லா இருந்து, லீக் மட்டும் மைல்டுன்னா மூணு வருஷத்துலேர்ந்து அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ எக்கோ பாத்தா போதும்னுதான் சொல்றாங்க. மாடரேட்டுன்னா ஒண்ணு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ. சிவியர்னா ஆறு மாசம், இல்ல ஒரு வருஷம். நான் பேசப் போறது முக்கியமா இந்த மாடரேட், சிவியர் ஆளுங்களுக்காக, அதுலயும் "சிவியர்னு எழுதியிருக்கு, ஆனா எனக்கு ஒண்ணுமே செய்யலயே"ன்னு சொல்றவங்களுக்காக.

வால்வுங்கறது ஒரு பக்கமா மட்டும் திறக்கற கதவு. நாலு இருக்கு, அதுல இடது பக்கம் இருக்கற ரெண்டுதான் அதிகமா தொந்தரவு கொடுக்கும், மைட்ரல் ஒண்ணு, அது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவுல இருக்கு, அயோர்ட்டிக் ஒண்ணு, அது கீழறையிலேர்ந்து உடம்புக்கு ரத்தம் போற வாசல்ல இருக்கு. இதயம் ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 1 லட்சம் தடவ துடிக்குது, அத்தன தடவயும் கதவு திறந்து மூடணும். சரியா மூடலன்னா முன்னால போன ரத்தத்துல கொஞ்சம் பின்னால வந்துடும். மைட்ரல்ல சிவியர்னு சொல்றப்போ ஒவ்வொரு துடிப்புக்கும் 60 மில்லி, அதுக்கும் மேல திரும்பி வருது. சில பேருக்கு இதயம் தள்ளுற ரத்தத்துல பாதி திரும்பிடும். பாதி! அப்போ உடம்புக்கு போக வேண்டியது போகணும்னா இதயம் என்ன பண்ணும், இன்னும் அதிகமா நிரப்பிக்கும், இன்னும் அதிகமா தள்ளும், அதுக்காக இடது கீழறை கொஞ்சம் கொஞ்சமா பெருசாகும். சத்தமே இல்லாம வருஷக்கணக்கா இத செஞ்சுட்டு இருக்கும். அதனாலதான் உங்களுக்கு ஒண்ணும் தெரியறதில்ல. தெரியலங்கறதுக்கு அர்த்தம் பிரச்சனை இல்லன்னு கிடையாது, இதயம் இப்போதைக்கு சமாளிக்குதுன்னு அர்த்தம். எவ்வளவு லீக்குங்கறது பாதி கேள்விதான். அந்த லீக்க இதயம் எப்படி தாங்கிக்குதுங்கறதுதான் மீதி பாதி. இத இன்னொரு தடவயும் சொல்லுவேன், பொறுத்துக்கோங்க.

ஒருத்தர பத்தி சொல்லணும். யாருன்னு தெரியாத மாதிரி சில விவரத்த மாத்திட்டு சொல்றேன். மைட்ரல் லீக், சிவியர். ஒவ்வொரு வருஷமும் ஃபைலோட வருவாரு, ரொம்ப ஒழுங்கான மனுஷன், எல்லா ரிப்போர்ட்டும் தேதிவாரியா அடுக்கி வெச்சிருப்பாரு. மூச்சு வாங்குதா? இல்ல. படபடப்பு? இல்ல. ராத்திரி எழுந்து உக்காருறீங்களா? அதெல்லாம் எதுவும் இல்ல மேடம், நான் நல்லா இருக்கேன். ஒரு தடவ அவர் மனைவியும் கூட வந்திருந்தாங்க. நான் அதே கேள்விய கேக்கறேன், அவர் அதே பதில சொல்றாரு, அந்தம்மா ஓரமா நின்னுட்டு இருந்தவங்க, மெதுவா சொல்றாங்க, "முன்னெல்லாம் போன்ல பேசிட்டே மாடி ஏறி வருவாரு. இப்போ கீழயே நின்னு பேசி முடிச்சிட்டுத்தான் ஏறுறாரு."

அவருக்கு சுருக்குன்னு ஆயிடுச்சு. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம், கீழ சிக்னல் நல்லா கிடைக்கும்னாரு. பொய் சொல்லல அவரு, உண்மையிலயே அப்படித்தான் நம்பிட்டு இருந்தாரு. மூச்சு வாங்கறதுக்கு முன்னாடியே மனுஷன் தன்னோட நடைய குறைச்சுக்கறான், தனக்கே தெரியாம. வேகமா நடந்தவர் கூட்டத்தோட நடக்க ஆரம்பிப்பாரு, ரெண்டு பைய ஒண்ணா தூக்கினவர் ஒவ்வொண்ணா தூக்குவாரு, கேட்டா வயசாகுதுல்லன்னு சொல்லுவாரு. அறிகுறி இல்லன்னு அவர் சொல்றது, அறிகுறி வர்ற இடத்துக்கே போகாம இருக்கறதாலதான்.

நான் அந்த ஃபைல வாங்கி பழைய ரிப்போர்ட்ட எல்லாம் வரிசையா வெச்சு பாத்தேன். இதயம் சுருங்கி முடிக்கறப்போ கீழறையோட அகலம்னு ஒரு அளவு இருக்கு, ரிப்போர்ட்ல எல்.வி.ஐ.டி.எஸ்னு இருக்கும். முதல்ல 34, அப்புறம் 37, அன்னிக்கு நான் அளந்தது 41 மில்லிமீட்டர். முதல் ரெண்டையும் தனித்தனியா பாத்தா உறுத்தாது, மூணையும் சேத்து வெச்சா ஏறிட்டே வர்றது தெரியுது. டாக்டர்கிட்ட அந்தம்மா சொன்னதையும் சேத்து சொன்னேன். அவரு ட்ரெட்மில்ல நடக்க வெச்சாரு. அவரோட வயசுக்கு எவ்வளவு நேரம் நடந்திருக்கணுமோ அதுல பாதிகூட நடக்க முடியல, மூச்சு வாங்கிடுச்சு. கொஞ்ச நாள்லயே ஆபரேஷன், அவரோட வால்வையே தச்சு சரி பண்ணிட்டாங்க, மாத்த வேண்டி வரல.

கூட இருக்கறவங்க கண்ணுக்கு தெரியறது நமக்கு தெரியாதுங்கறது இன்னிக்கு நேத்து சமாச்சாரம் இல்ல. பிரான்ஸ்ல ஆல்ஃப்ரெட் த முஸ்ஸேன்னு ஒரு கவிஞர். 1842ல ஒரு நாள் காலைல சாப்பிட உக்காந்திருக்கறப்போ அவரோட தலை தாளம் போடற மாதிரி லேசா ஆடிட்டே இருக்கறத அவங்க அம்மாவும் அண்ணனும் பாத்துட்டாங்க. ஏன் இப்படி பாக்கறீங்கன்னு அவர்தான் கேட்டிருக்காரு, அது மத்தவங்களுக்கு தெரியும்னே அவர் நினைக்கல. அவருக்கு அயோர்ட்டிக் வால்வு லீக். இதயம் ரத்தத்த படார்னு தள்ளுது, அது உடனே பின்னால சரியுது, ஒவ்வொரு துடிப்புக்கும் நாடி குதிச்சு விழுது, அந்த அதிர்ச்சியில தலை ஆடுது. இன்னிக்கும் மருத்துவ புத்தகத்துல அந்த அடையாளத்துக்கு அவர் பேருதான். 1857ல, 46 வயசுல இறந்துட்டாரு. அன்னிக்கு பாக்கறதுக்கு எக்கோவும் கிடையாது, பண்றதுக்கு ஆபரேஷனும் கிடையாது. நமக்கு ரெண்டும் இருக்கு, அத விட்டுட்டு லேட்டா வந்து நிக்கறப்போதான் எனக்கு தாங்கறதில்ல.

அதனால நான் எல்லார்கிட்டயும் கேக்கற கேள்வி ஒண்ணுதான், பேசிட்டே மாடி ஏற முடியுதா? போன வருஷம் முடிஞ்சுதா, இந்த வருஷம் முடியுதா? அத உங்கள கேக்கறத விட வீட்ல இருக்கறவங்கள கேளுங்க. டாக்டர பாக்க போறப்போ அவங்களையும் கூட்டிட்டு போங்க.

இப்போ நம்பர். பேனா இருந்தா எடுத்துக்கோங்க. மைட்ரல் லீக் சிவியரா இருக்கு, வால்வுதான் கெட்டிருக்கு, அப்போ அறிகுறி ஒண்ணு வந்தாலே ஆபரேஷன பத்தி பேசணும். அறிகுறியே இல்லன்னாலும் ரெண்டு அளவு இருக்கு. ஈ.எஃப்னு ஒரு சதவீதம் எழுதியிருப்பாங்க, கீழறையில நிரம்பற ரத்தத்துல ஒரு துடிப்புக்கு எவ்வளவு வெளிய தள்ளுதுங்கற கணக்கு, அது 60, இல்ல அதுக்கு கீழ வந்துட்டாலோ, நான் சொன்ன அந்த எல்.வி.ஐ.டி.எஸ் 40 மில்லிமீட்டர தொட்டாலோ, இனி காத்திருக்கக் கூடாது. அமெரிக்க இதய மருத்துவர்கள் 2020ல வெளியிட்ட வழிகாட்டுதல்லயும் இதான் இருக்கு. இங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. ஈ.எஃப் 58னு பாத்துட்டு, நார்மல்தானேன்னு கூகுள் பண்ணிட்டு நிம்மதியா போயிடுவாங்க. மத்தவங்களுக்கு அது நார்மல். மைட்ரல் லீக் இருக்கறவங்களுக்கு இல்ல. ஏன்னா இதயம் தள்ளுற ரத்தத்துல ஒரு பங்கு அழுத்தம் குறைவான பக்கத்துக்கு சுலபமா போயிடுது, அதனால அந்த சதவீதம் நல்லா இருக்கற மாதிரியே காட்டும். வால்வ சரி பண்ணி அந்த சுலபமான வழிய அடைச்சதும் ஈ.எஃப் கொஞ்சம் இறங்கறது வழக்கம். ஏற்கனவே தசை சோர்ந்து போயிருந்தா அந்த இறக்கம் அப்புறம் ஏறாது. சீக்கிரம் போங்கன்னு சொல்றதுக்கு காரணமே இதான்.

அயோர்ட்டிக் லீக்குக்கு கணக்கு வேற, ஈ.எஃப் 55, இல்ல அதுக்கு கீழ, அந்த அகலம் 50 மில்லிமீட்டருக்கு மேல. ரெண்டையும் குழப்பிக்காதீங்க, எந்த வால்வுன்னு முதல்ல தெரிஞ்சு வெச்சுக்கோங்க. இது போக, நாடி தாறுமாறா ஓட ஆரம்பிச்சா, நுரையீரல் பக்கம் ரத்த அழுத்தம் ஏறினா, அதையும் டாக்டர் கணக்குல எடுப்பாரு.

எக்கோ எடுக்கறவளா ஒண்ணு சொல்றேன். அளக்கற கை மாறினாலே ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் மாறும். அன்னிக்கு பி.பி எகிறி இருந்தா லீக் பெருசா தெரியும், பி.பி அடங்கி இருந்தா சின்னதா தெரியும். அதனால ஒரே ஒரு ரிப்போர்ட்ட வெச்சு பயப்படவும் வேணாம், சந்தோஷப்படவும் வேணாம். முடிஞ்ச வரைக்கும் ஒரே இடத்துல எடுங்க, எடுக்கற அன்னிக்கு என்ன பி.பின்னு ரிப்போர்ட்ல எழுதச் சொல்லுங்க, பழைய ரிப்போர்ட்ட தூக்கி போடாதீங்க. கேள்வி எப்பவும் அந்த ரெண்டும் சேந்ததுதான், லீக் எவ்வளவு, இதயம் எப்படி தாங்குது.

மாத்திரைல லீக் அடைபடுமான்னு எல்லாரும் கேப்பாங்க. வால்வே கெட்டுப் போய் வர்ற லீக்க எந்த மாத்திரையும் அடைக்காது. நீர் பிரிய கொடுக்கற மாத்திரை மூச்சு திணறல குறைக்கும், ஆபரேஷன தள்ளிப் போடலாம்னு தோணும், அந்த நிம்மதிலயே நாள் ஓடிடும், ஜாக்கிரத. ஆனா இதயத் தசை பலவீனமாகி, கீழறை விரிஞ்சு, அதனால வால்வு இதழ் ஒண்ணோட ஒண்ணு சேராம வர்ற லீக்னு ஒரு வகை இருக்கு, ஹார்ட் அட்டாக் வந்தவங்கள்ல சிலருக்கு வரும். அதுல மருந்துதான் முதல் வேலை, மருந்துலயே லீக் குறையறதும் உண்டு. இந்த ரெண்டுல உங்களுது எதுன்னு டாக்டர்கிட்ட நேரா கேளுங்க. மேல சொன்ன 60, 40 கணக்கு இந்த ரெண்டாவது வகைக்கு பொருந்தாது.

நேரம் வேகமா ஓடுது, மீதிய சுருக்கமா சொல்லிடறேன். மைட்ரல்ல முடிஞ்ச வரைக்கும் ரிப்பேர்தான் நல்லது, அத அடிக்கடி பண்ற சர்ஜன்கிட்ட போங்க, எத்தன பண்ணியிருக்கீங்க, இந்த வால்வுக்கு ரிப்பேர் முடியுமான்னு தயங்காம கேளுங்க. மாத்தணும்னா உலோக வால்வு நீண்ட காலம் உழைக்கும், ஆனா ஆயுசு முழுக்க ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடணும், அந்த மாத்திரை அளவா வேலை செய்யுதான்னு பாக்கற ஐ.என்.ஆர் ரத்த டெஸ்டும் எடுக்கணும். திசு வால்வுக்கு அந்த கட்டாயம் குறைவு, ஆனா வருஷம் போகப் போக தேஞ்சு திரும்ப மாத்த வேண்டி வரலாம். குழந்தை பெத்துக்கற எண்ணம் இருக்கற பொண்ணுங்க அத ஆபரேஷனுக்கு முன்னாடியே சொல்லிடணும், எந்த வால்வுங்கற முடிவே மாறும். வயசானவங்க, நெஞ்ச திறக்க முடியாதவங்களுக்கு தொடை வழியா போயி இதழ கிளிப் போட்டு சேக்கறதும் இருக்கு, 2003லயே முதல்ல பண்ணிட்டாங்க, ஆனா எல்லா வால்வுக்கும் ஒத்து வராது.

பல்லு! அத சொல்லாம போக முடியாது. பல் ஈறு சுத்தமா இருக்கணும், வருஷா வருஷம் பல் டாக்டர பாருங்க, வால்வு மாத்தினவங்க பல் புடுங்கறதுக்கு முன்னாடி ஆன்டிபயாட்டிக் பத்தி கேட்டுக்கோங்க. காய்ச்சல் விடாம ஒரு வாரம் இருந்தா நீங்களா ஆன்டிபயாட்டிக் வாங்கி போட்டுக்காதீங்க, வால்வுல கிருமி ஒட்டியிருக்கான்னு பாக்க முதல்ல ரத்தத்த கல்ச்சருக்கு எடுக்கணும், மாத்திரை போட்டுட்டா கிருமி அதுல தெரியாம போயிடும். இன்னும் ஒண்ணு, நல்லா இருந்தவருக்கு திடீர்னு மூச்சு திணறி படுக்கவே முடியலன்னா வால்வ பிடிச்சிருக்கற நாண் அறுந்திருக்கலாம், அப்போ அப்பாயின்ட்மென்ட் எல்லாம் பாக்காதீங்க, நேரா எமர்ஜென்சிக்கு போங்க. உடற்பயிற்சி பத்தி பேச நேரம் இல்ல, சிவியர் லீக் இருக்கறவங்க மூச்ச அடக்கி பெரிய வெயிட் தூக்காதீங்க, நடக்கறத டாக்டர கேட்டுட்டு நடங்க. நன்றி, வணக்கம்.