பிஹோல்டர் கூடாது, ராட்சசன் வரலாம்: உங்கள் ஆர்பிஜி சாகசத்தை விற்கும் முன்

வணக்கம் நண்பர்களே! செங்கோட்டை தாண்டி, புளியரை வழியாக மலையேறும் நான்கு வீரர்கள். கழுதுருட்டி பதின்மூன்று கண் பாலத்தடியில் ராத்தங்கல். நடுச்சாமத்தில் மேலிருந்து ஏதோ இறங்கி வருகிறது. இந்தச் சாகசத்தை டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) என்ற ஆர்பிஜி, அதாவது ஆளுக்கொரு பாத்திரமேற்றுக் கதையாக ஆடும் விளையாட்டின் விதிகளில் எழுதி, பிடிஎஃப் ஆக்கி விற்கலாமா?

தாராளமாக விற்கலாம். அனுமதி கேட்க வேண்டாம், ராயல்டியும் கிடையாது. ஆனால் இறங்கி வருவது அந்த விளையாட்டுக்கே உரிய பிஹோல்டர் என்ற பூதமாக இருந்தால் சிக்கல். ராட்சசன் என்றால் பயமே வேண்டாம்.

கதை இதுதான்: இந்த விளையாட்டை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம், அதன் விதிகளை மற்றவர்களும் பயன்படுத்த 2000-ல் ஓஜிஎல் என்ற திறந்த லைசென்ஸைக் கொடுத்தது. 2023 ஜனவரியில் அதை மாற்றும் வரைவு கசிந்தது, ரசிகர்கள் கொதித்தார்கள். அந்த மாதக் கடைசியிலேயே எஸ்ஆர்டி 5.1 என்ற விதித் தொகுப்பு கிரியேட்டிவ் காமன்ஸ் 4.0-ல், அதாவது நன்றி சொல்லிவிட்டு யாரும் எடுத்தாளலாம் என்ற பொது லைசென்ஸில் வந்துவிட்டது. இனி யாரும் அதைத் திரும்பப் பிடுங்க முடியாது.

சரி, சுவாரசியமான இடத்துக்கு வருவோம். எஸ்ஆர்டி முழுப் புத்தகம் அல்ல. 12 கிளாஸும், அதாவது வீரர் வகைகளும் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு சப்கிளாஸ் (உட்பிரிவு)தான். மந்திரங்களைப் பாருங்கள்: விதிப் புத்தகத்தில் ‘மெல்ஃப்ஸ் ஆசிட் ஆரோ’, இங்கே வெறும் ‘ஆசிட் ஆரோ’. ‘பிக்பீஸ் ஹேண்ட்’ இங்கே ‘ஆர்கேன் ஹேண்ட்’. மந்திரத்தை நமக்குக் கொடுத்துவிட்டு, மந்திரவாதியின் பெயரை மட்டும் நிறுவனம் தன்னிடமே வைத்துக்கொண்டது! நீங்களும் எஸ்ஆர்டியில் உள்ள பெயரையே எழுதுங்கள். பிஹோல்டர், மைண்ட் ஃபிளேயர் என்ற இரண்டு பூதங்களுக்கும் அதில் ஸ்டாட் பிளாக்கே, அதாவது பலம், திறமைகளைச் சொல்லும் எண் பட்டியலே கிடையாது.

ராட்சசனுக்கு இருக்கிறது. எனக்கு மிகப் பிடித்த பக்கம் அது. 5.1-ல் ஆர்மர் கிளாஸ் (அவனைத் தாக்குவது எவ்வளவு கடினம் என்ற எண்) 16, ஹிட் பாயிண்ட் (எவ்வளவு அடி தாங்குவான்) 110. அவனாக இடம் கொடுத்தாலொழிய ஆறாம் லெவல் வரையிலான மந்திரம் எதுவும் அவன்மேல் பலிக்காது. எத்தனை வரம் வாங்கிய அரக்கர் கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாம்! அந்த எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். அதிகாரபூர்வப் புத்தகத்தின் புலித்தலைப் படத்தை மட்டும் தொடாதீர்கள், ஓவியங்கள் இந்த லைசென்ஸில் வரவில்லை. கோரைப்பல்லும் முறுக்கு மீசையுமாக நம் கோயில் சுதைச் சிற்பம் போல நீங்களே வரையுங்கள். அதுதான் அழகும்கூட.

அப்புறம், இதைத் தவறவிடாதீர்கள். சரக்கு லாரி செக்போஸ்டில் நின்றால் முதலில் கேட்பது பேப்பர்தானே? இங்கே அந்தப் பேப்பர், எஸ்ஆர்டியின் சட்டக் குறிப்பில் அச்சாகியிருக்கும் நன்றிக் குறிப்பு. அதை வார்த்தை மாறாமல் உங்கள் புத்தகத்தில் போடுங்கள். எதையாவது மாற்றியிருந்தால், மாற்றியிருக்கிறோம் என்று ஒரு வரி சேருங்கள். அட்டையில் டி அண்ட் டி லோகோ வேண்டவே வேண்டாம். ‘5இ கம்பாட்டிபிள்’ (ஐந்தாம் பதிப்போடு பொருந்தும்) என்று போடலாம், அவர்களே அனுமதித்த வாசகம் அது.

நீங்கள் சொந்தமாக உருவாக்கிய பேய், ஊர், பாத்திரங்கள் எல்லாம் உங்களுக்கே சொந்தம். அவற்றையும் திறந்து விட வேண்டும் என்று இந்த லைசென்ஸ் கட்டாயப்படுத்தாது. ஆனால் ஒரு பேயையாவது திறந்து விடுங்கள் என்று மனதாரக் கேட்கிறேன், தமிழில் அடுத்து எழுத வருபவருக்கு எடுத்தாள ஏதாவது இருக்கட்டும். உங்கள் ஊர்ப் பேயின் ஸ்டாட் பிளாக்கைக் கமெண்டில் போடுங்கள், அடுத்த வீடியோவில் அதை வைத்தே விளையாடுவோம்!