அது, நீ: இடையில் நிற்கும் உறவு

பெரியோர்களே, அன்பர்களே,

நம் கொடைக்கானல் குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் நின்றால், மேகம் விலகிய நேரத்தில் கீழே பழனி தெரியும். அந்தப் பெயருக்குப் ‘பழம் நீ’ என்று புராணிகர்கள் பொருள் சொல்வார்கள். சொல்லாராய்ச்சியாளர் அதை ஏற்க வேண்டும் என்று நான் வற்புறுத்த மாட்டேன். ஆனால் பழத்துக்காக உலகைச் சுற்றிவந்த பிள்ளையிடம், தேடியது நீயே என்று தந்தை சொல்லும் அந்தக் கதை, சாந்தோக்கிய உபநிடதத்தின் ஆறாம் அத்தியாயத்துக்கு மிக அருகில் நிற்கிறது. பன்னிரண்டாண்டுகள், அதாவது குறிஞ்சி ஒருமுறை பூத்து மறுமுறை பூக்கும் காலம், வேதம் பயின்று செருக்கோடு வீடு திரும்பிய சுவேதகேதுவிடம், தந்தை உத்தாலகர் ‘தத் த்வம் அஸி’, அது நீ, என்று ஒன்பது முறை சொல்கிறார்.

அவர் காட்டும் உவமைகளில் ஒன்று தேன். பல மரங்களின் சாற்றைத் தேனீக்கள் ஒன்றாக்கிய பிறகு, ‘நான் இந்த மரத்தின் சாறு’ என்ற பிரித்தறிவு எந்தச் சாற்றுக்கும் இருப்பதில்லை. உயிர்கள் மெய்ப்பொருளில் கலப்பதும் அவ்வாறே என்கிறார். (நம் கடைவீதியில் இது எந்தப் பூவின் தேன் என்று கேட்டுத்தான் பேரம் தொடங்குகிறோம்!)

‘அது’ என்பது பிரமம், அதாவது அனைத்துக்கும் மூலமான மெய்ப்பொருள்; ‘நீ’ என்பது உயிர். பின்வந்த வேதாந்த ஆசிரியர்களின் சண்டையெல்லாம் இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள உறவைப் பற்றியது. இறைவனின் முற்றறிவையும் உயிரின் சிற்றறிவையும் நீக்கிவிட்டால் எஞ்சும் தூய அறிவு ஒன்றே என்றார் சங்கரர். ‘நீ’ என்ற சொல், உயிரைத் தன் உடலாகக் கொண்டு அதனுள் நிற்கும் பிரமத்தையே குறிக்கிறது என்றார் இராமானுசர். மத்துவரோ சொற்களைப் பிரிக்கும் இடத்தையே மாற்றி, ‘அது அல்லை நீ’ என்று படித்தார். துணிச்சல்தான், எனக்கு அது ஒட்டவில்லை.

என் மனம் சாய்வது 13ஆம் நூற்றாண்டின் சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டார் பக்கம். தம் நூலான சிவஞானபோதத்தின் இரண்டாம் சூத்திர உரையில், ‘இரண்டல்ல’ எனப்படும் அத்துவிதத்துக்கு ‘ஒன்று’ என்று பொருள் கொண்டால் அதை ஒன்றென்று சுட்டுவதற்கு ஒருவன் வேண்டுமே என்கிறார் அவர். ஆகவே அத்துவிதம் என்ற சொல் ஒருமையைக் குறிப்பதன்று, பிரிவின்மையைக் குறிப்பது. உத்தாலகரின் தேனுக்கும் இந்தக் கேள்வியை வைக்கலாம்: சாறுகள் கலந்து ஒன்றாகிவிட்டன, சரி, இனிக்கிறது என்று சொல்லும் நாக்கு எங்கே இருக்கிறது?