பாரசீக மரபிசைப் பதிவை யூடியூபில் ஏற்றலாமா? உரிமையைச் சரிபார்க்கும் முறை

[திரையில்: சுழலும் பழைய 78 சுற்று இசைத்தட்டு. பின்னணியில் தார் எனும் நரம்பு வாத்தியம்.]

"ஈரானில் காப்பிரைட் சட்டமே கிடையாது, எதை வேண்டுமானாலும் எடுத்துப் போடலாம்." பாரசீக இசையைப் பகிர்பவர்கள் மத்தியில் ரொம்ப நாளாகப் புழங்கும் பேச்சு இது. தவறான பேச்சு. சட்டம் 1970-லிருந்தே இருக்கிறது. ஈரான் சேராமல் இருப்பது பன்னாட்டு ஒப்பந்தங்களில்தான். பதிப்புரிமைக்கான பெர்ன் ஒப்பந்தத்தில் அது இல்லை, உலக வர்த்தக அமைப்பில் உறுப்பினர் இல்லை, அமெரிக்காவோடு பதிப்புரிமை உறவும் இல்லை. அதனால் ஈரானில் முதலில் வெளியான ஒரு படைப்புக்குப் பல நாடுகளில் தானாகப் பாதுகாப்பு கிடைப்பதில்லை.

அதே கலைஞர் அதே பாட்டை லாஸ் ஏஞ்சலஸில் முதலில் வெளியிட்டிருந்தால் நிலைமை தலைகீழாகிவிடும். அது அமெரிக்கச் சட்டத்தின் முழுப் பாதுகாப்பில் இருக்கிறது. 1979 புரட்சிக்குப் பிறகு நாட்டைவிட்டு வெளியேறிய கலைஞர்களின் கேசட்டுகள் நிறைய இந்த வகை. ஆகவே முதல் கேள்வி "இது ஈரானிய இசையா" என்பதல்ல. "இது முதலில் எங்கே வெளியானது?"

அதைக் கேட்பதற்கு முன் ஒரு பதிவைப் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம்.

[திரையில்: நான்கு அடுக்குகள். பாடல் வரி, மெட்டு, பாடி வாசித்தவர், ஒலிப்பதிவு.]

"மொர்கெ சஹர்". ஈரானில் இதை அறியாதவர் அரிது. மாஹூர் என்ற தஸ்த்காவில் (நம் ராகம் போன்ற அமைப்பு) அமைந்த தஸ்னீஃப், அதாவது தாளக்கட்டோடு பாடும் பாட்டு. வரிகள் கவிஞர் பஹாருடையவை. அவர் இறந்தது 1951-ல். மெட்டு அமைத்தவர் தார் கலைஞர் மொர்தஸா நேதாவூத். அவர் 1990 வரை வாழ்ந்தார்.

ஈரானியச் சட்டப்படி படைப்பாளி இறந்தபின் 30 ஆண்டுகள் உரிமை இருந்தது. 2010 ஆகஸ்டில் அதை 50 ஆண்டுகளாக உயர்த்தினார்கள். அதற்குள் காலாவதியான உரிமைகள் உயிர்பெறவில்லை. கணக்குப் போடுங்கள். பஹாரின் வரிகள் 1981-லேயே பொதுச்சொத்து, அதாவது யாரும் பயன்படுத்தலாம். நேதாவூதின் மெட்டு 2040 வரை உரிமையுள்ளது. ஒரே பாட்டில் சொல் விடுதலையாகிவிட்டது, மெட்டு ஆகவில்லை. "பழைய பாட்டுதானே" என்று நீங்களே தார் எடுத்து வாசித்துப் பதிவேற்றினாலும், ஈரானுக்குள் அந்த மெட்டுக்கு உரியவர் இருக்கிறார். இதற்கு மேல் மூன்றாவது அடுக்கு, பாடியவரும் வாசித்தவர்களும். நான்காவது அடுக்கு, பதிவு செய்து வெளியிட்ட நிறுவனம். பாடகர் ஷஜரியான் மேடையில் பாடிய வடிவத்துக்கும் 1920-களின் தட்டுக்கும் முதல் இரண்டு அடுக்குகள் பொது. கடைசி இரண்டும் முற்றிலும் வேறு.

ஒப்பிட இன்னும் இரண்டு இசையமைப்பாளர்கள். தர்வீஷ் கான் 1926-ல் இறந்தார். ரூஹொல்லா காலெகி 1965-ல் இறந்தார். இருவர் மெட்டுகளும் ஈரானில் இன்று பொதுச்சொத்து. எல்லைக்கோடு 1980 ஆகஸ்ட். அதற்கு முன் இறந்தவரா, பின் இறந்தவரா என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

ஆவாஸ் என்ற தாளக்கட்டில்லாத பாடலுக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. பாடுவது பெரும்பாலும் பல நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த கவிஞர்கள் ஹாபிஸ் அல்லது சாதியின் கஸல் கவிதை. கவிதைக்கு உரிமைச் சிக்கல் இல்லை. ரதீஃப் எனும் மரபுவழி மெட்டுத் தொகுப்பும் யாருடைய தனிச்சொத்தும் அல்ல. 2009-ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்ததால் அதற்குப் புதிய உரிமையாளர் யாரும் வந்துவிடவில்லை. ஆனால் அந்த மரபை அடித்தளமாக வைத்து மேடையில் அந்தக் கணத்தில் விரித்துப் பாடுகிறாரே, அந்த விரிவு அவருடையது. பதிவான நொடியில் அவரே பாடகர், அவரே இசையமைப்பாளர். ஆவாஸ் பதிவை "மரபிசை, ஆகவே பொதுச்சொத்து" என்று குறித்துப் பதிவேற்றுவது, எனக்குத் தெரிந்தவரை, இந்தத் துறையில் மிக அதிகமாக நடக்கும் பிழை. ரதீஃபை ஒருவர் இசைக்குறியீடாக எழுதி அச்சிட்ட புத்தகமும் அப்படித்தான். மெட்டு பொது, அந்தப் புத்தகப் பக்கம் பொதுவல்ல.

[திரையில்: கேசட் உறையின் பின்பக்கம். "2536" என்ற எண் பெரிதாகிறது.]

அடுத்தது தேதி. உறையில் 1356 என்றிருக்கும். அது ஈரானியச் சூரிய ஆண்டு. 621 கூட்டினால் 1977. ஈரானிய ஆண்டு மார்ச் 21 வாக்கில் தொடங்குவதால், வெளியீடு ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதிக்குள் என்றால் 622 கூட்ட வேண்டும். சில உறைகளில் 2535, 2536, 2537 என்று வரும். அச்சுப்பிழை என்று ஒதுக்காதீர்கள். 1976 முதல் 1978 வரை ஷாவின் அரசு பேரரசு ஆண்டுமுறையைக் கொண்டுவந்திருந்தது. 1180 கழித்தால் சூரிய ஆண்டு கிடைக்கும். 2536-ல் 1180 போனால் 1356, அதாவது மறுபடி 1977.

உறையில் இன்னொன்றையும் தேடுங்கள்: வட்டத்துக்குள் லத்தீன் 'பி' எழுத்து. ஒலிப்பதிவுகளுக்கென்று ஈரான் 1973-ல் ஒரு சட்டம் போட்டது. உரிமையாளர் அனுமதியில்லாமல் விற்பனைக்குப் பிரதி எடுக்கக் கூடாது என்கிறது. அந்தப் பாதுகாப்பைப் பெற ஒவ்வொரு பிரதியிலோ உறையிலோ இந்தக் குறி, வெளியீட்டுத் தேதி, தயாரிப்பாளரின் பெயர், முகவரி எல்லாம் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இருக்கிறதோ இல்லையோ, உறையின் இரு பக்கத்தையும் படமெடுத்து வையுங்கள்.

பழைய 78 சுற்றுத் தட்டுகள்தான் இருப்பதில் எளிது. கிராமபோன் கம்பெனி 1906-ல் தெஹ்ரானில் பதிவு செய்தது. 1909-ல் கலைஞர்கள் லண்டனுக்கே போய்ப் பதிந்தார்கள். முதல் உலகப்போர் காலத்துக்குள் திஃப்லிசிலும் (இன்றைய ஜார்ஜியாவின் திபிலீசி) பதிவு நடந்தது. இந்தத் தலைமுறைத் தட்டுகளின் ஒலிப்பதிவு உரிமை பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் எப்போதோ முடிந்துவிட்டது. 2013-ல் அங்கே காலத்தை 50-லிருந்து 70 ஆண்டாக நீட்டியபோதும் 1963-க்கு முன் வெளியான பதிவுகள் திரும்ப உரிமைக்குள் வரவில்லை.

அமெரிக்காவுக்குத் தனி அட்டவணை. 1923-க்கு முந்தைய பதிவுகள் 2022 ஜனவரி 1-ல் விடுபட்டன. 1923 முதல் 1946 வரை வெளியானவற்றுக்கு 100 ஆண்டு. 1927-ல் வந்த பாடகி கமர்-ஓல்-மொலூக் வஜீரியின் தட்டு ஒன்று உங்களிடம் இருந்தால், அந்த அட்டவணைப்படி அது விடுபடும் நாள் 2028 ஜனவரி 1. 1947 முதல் 1956 வரைக்கு 110 ஆண்டு. 1957 முதல் 1972 பிப்ரவரி நடுப்பகுதி வரை பதிந்தவை 2067 பிப்ரவரி 15 வரை. யூடியூப் அமெரிக்க நிறுவனம் என்பதால் இந்த அட்டவணையையே பாதுகாப்பான எல்லையாக வைத்துக்கொள்வது நல்லது.

[திரையில்: ரீல் டேப் சுழல்கிறது.]

கொல்ஹா என்ற வானொலி இசை நிகழ்ச்சிகளைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். தாவூத் பீர்நியா தொடங்கியது. 1956 முதல் 1979 வரை தெஹ்ரான் வானொலியில் ஒலித்தது. லண்டனைச் சேர்ந்த ஆய்வுத் திட்டமொன்று பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான நிதியுதவியோடு 1,578 நிகழ்ச்சிகளை, ஏறக்குறைய 847 மணி நேரத்தை, தேடித் திரட்டி இணையத்தில் கேட்கும்படி வைத்திருக்கிறது. எவ்வளவு பெரிய உழைப்பு என்று எண்ணைப் பார்த்தாலே தெரியும்.

கேட்க வைத்திருப்பதும் எடுத்துப் போட அனுமதிப்பதும் ஒன்றல்ல. ஈரானியச் சட்டத்தில், ஒருவர் பணித்து இன்னொருவர் உருவாக்கும் படைப்பின் பொருளாதார உரிமை, பணித்தவருக்கு 30 ஆண்டு. வானொலி பணித்து உருவான நிகழ்ச்சிகளை அதன்கீழ் வைத்துப் பார்க்க இடமுண்டு. அமெரிக்காவிலோ, ஒலிபரப்பு மட்டுமே "வெளியீடு" ஆகாது. வானொலியில் ஒலித்து, தட்டாகவோ கேசட்டாகவோ கடைக்கு வராத நாடாவை அங்கே வெளியிடப்படாத பதிவாகக் கருதலாம். வெளியிடப்படாத படைப்புக்கு அந்நாட்டுச் சட்டம் படைப்பாளி எந்த நாட்டவர் என்று கேட்பதில்லை. வீட்டுக் கச்சேரி நாடாக்களுக்கும் இதே சிக்கல், இன்னும் கூர்மையாக. நண்பர்கள் நடுவே பாடியதை யாரோ ரீலில் பிடித்தது அது. பாடியவர் வெளியிடச் சம்மதித்ததே இல்லை. குடும்பத்தின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

[திரையில்: தட்டின் நடுத்தாள், அதைச் சுற்றிப் பொறித்த எண்.]

பொதுச்சொத்து என்று உறுதியானால், குறுந்தகட்டிலிருந்து எடுக்காமல் தட்டிலிருந்து நீங்களே மாற்றுங்கள். இரைச்சல் நீக்கிய மறுபதிப்புக்குப் புதிய ஒலிப்பதிவு உரிமை வராது என்பது பிரிட்டிஷ் சட்டத்தில் தெளிவு. அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்றும் 2018-ல் பெரும்பாலும் வராது என்றே சொன்னது. ஆனால் யூடியூபின் தானியங்கி அமைப்புக்குத் தீர்ப்பு தெரியாது, அந்தக் குறுந்தகட்டின் ஒலித்தடம்தான் தெரியும். உள்ளே இருக்கும் கட்டுரையும் புகைப்படமும் வேறு எப்படியும் உரிமையுள்ளவை.

எல்பி எனும் பிற்கால நெடுந்தட்டுக்கான முள்ளால் 78 தட்டை ஓட்டாதீர்கள். அதன் முனை சுமார் 18 முதல் 25 மைக்ரான். பழைய தட்டின் பள்ளத்துக்கு 65 முதல் 90 மைக்ரான் வேண்டும். சிறிய முள் பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சலை மட்டும் பொறுக்கிக்கொண்டு வரும். 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் எதையும் திருத்தாத ஒரு கோப்பைத் தனியே வையுங்கள். நடுத்தாளையும் அதன் ஓரத்தில் பொறித்த மேட்ரிக்ஸ் எண்ணையும் சாய்ந்த வெளிச்சத்தில் படமெடுங்கள். பதிவின் ஆண்டை நிறுவ அந்த எண்தான் சாட்சி. கொல்ஹா நாடாவாக இருந்தால் அறிவிப்பாளரின் குரலை வெட்டாதீர்கள். பல நிகழ்ச்சிகளில் தொடர் எண்ணும் கலைஞர் பெயர்களும் அந்தக் குரலில்தான் இருக்கின்றன.

இவ்வளவு செய்தும் கிளைம், அதாவது இது எங்களுடையது என்ற உரிமைகோரல், யூடியூபில் வரும். ஒரே வானொலிப் பதிவைப் பல இசை நிறுவனங்கள் கேசட்டாகவும் குறுந்தகடாகவும் விற்றிருக்கின்றன, ஒவ்வொன்றும் தன்னுடையதென்று பதிந்து வைத்திருக்கலாம். கிளைம் என்றால் ஸ்ட்ரைக் (சேனலுக்கு விழும் தண்டனைப் புள்ளி) அல்ல, பதறி வீடியோவை நீக்க வேண்டியதில்லை. முதலில் எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை, யார், ஒலிப்பதிவுக்கா மெட்டுக்கா என்று பாருங்கள். மெட்டுக்கு என்றால் மேலே சொன்ன 1980 கணக்கை மறுபடி போடுங்கள், அவர்கள் சொல்வது சரியாகக்கூட இருக்கலாம்.

தவறென்று உறுதியானால் மறுப்புத் தெரிவியுங்கள். 5 நாளுக்குள் செய்தால் விளம்பர வருமானம் முதல் நாளிலிருந்தே நிறுத்தி வைக்கப்படும். எதிர்த்தரப்புக்கு 30 நாள் அவகாசம். நிராகரித்தால் மேல்முறையீடு, அதற்கு 7 நாள். அதையும் மறுத்து நீக்கக் கோரினால் ஸ்ட்ரைக் விழும். 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சேனலே போய்விடும். அந்த நீக்கத்தை எதிர்த்து எதிர்-அறிவிப்பு கொடுத்தால் உங்கள் பெயரும் முகவரியும் அவர்களுக்குப் போகும். 10 வேலை நாளுக்குள் அவர்கள் வழக்குத் தொடுத்ததற்குச் சான்று காட்டாவிட்டால் வீடியோ திரும்பும். மறுப்பில் நீளமான கட்டுரை வேண்டாம். வெளியீட்டு ஆண்டு, நிறுவனம், மேட்ரிக்ஸ் எண், மெட்டமைத்தவர் இறந்த ஆண்டு, பொருந்தும் சட்டம், இவ்வளவு போதும்.

அனுமதி கேட்டு எழுதும்போது பதிவின் பெயர், நீளம், எந்தத் தளம், விளம்பரம் உண்டா இல்லையா, எத்தனை ஆண்டுக்கு என்று எழுதிக் கேளுங்கள். பணம் அனுப்புவதாக வாக்குக் கொடுக்கும் முன் வங்கியில் விசாரியுங்கள். அமெரிக்கத் தடைச் சட்டம் இசைப்பதிவு போன்ற தகவல் சாதனங்களுக்கு விலக்கு அளித்தாலும், ஈரானுக்குப் பணம் அனுப்ப வங்கிகள் பெரும்பாலும் ஒப்புக்கொள்வதில்லை.

விவரக் குறிப்பில் பாடகர் பெயரை மட்டும் போட்டு விட்டுவிடாதீர்கள். ஈரானியச் சட்டத்தின் 4-ஆவது பிரிவின்படி படைப்பாளியின் தார்மீக உரிமைக்குக் காலமும் இல்லை, இட எல்லையும் இல்லை, அதை யாருக்கும் மாற்றிக் கொடுக்கவும் முடியாது. பஹாரின் வரிகள் பொதுச்சொத்தானாலும் அவர் பெயர் இருந்தே ஆக வேண்டும். தொம்பக் எனும் தோற்கருவி வாசித்தவரையும் எழுதுங்கள். அவர்கள் பெயர்தான் எப்போதும் விடுபடுகிறது.

கலைஞரோ குடும்பமோ எடுத்துவிடச் சொன்னால், சட்டம் உங்கள் பக்கம் இருந்தாலும் முதலில் வீடியோவைத் தனிப்பட்டதாக மாற்றிவிட்டுப் பேசுங்கள். 2009-ல் ஷஜரியான் தன் குரலை ஒலிபரப்ப வேண்டாம் என்று ஈரான் அரசு ஒலிபரப்பு நிறுவனத்துக்கே கடிதம் எழுதினார். ரமலான் மாதத்தில் ஒலித்துவந்த "ரப்பனா" என்ற வேண்டுதல் பதிவுக்கு மட்டும் விலக்கு அளித்தார். எந்தப் பதிவு, எந்தச் சூழலில் வேண்டாம் என்று குடும்பத்தாரிடமும் அதே அளவு தெளிவாகக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வீட்டுக் கச்சேரிக்காக வந்த கோரிக்கைக்கு முழுச் சேனலையும் மூட வேண்டியிருக்காது.