கூடுதலாக ஒரு கம்பி

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சேலத்தில் விநோதமான சைக்கிளைப் பார்க்க வேண்டும் என்று யாராவது கேட்டால், சைக்கிள் கடைக்குப் போகாதீர்கள் என்றுதான் முதலில் சொல்வேன். கடையில் வரிசையாக நிற்பவை கம்பெனியிலிருந்து அப்படியே வந்திறங்கியவை. பொழுது விடிகிற நேரத்தில் லீ பஜார் பக்கம் போய் நில்லுங்கள். இல்லாவிட்டால் செவ்வாய்ப்பேட்டை மண்டி, அம்மாப்பேட்டைத் தறித் தெருக்கள். அங்கே வருகிற சைக்கிள்களில் பலவற்றைக் கம்பெனி விட்ட இடத்திலிருந்து உள்ளூர் வெல்டிங் பட்டறைக்காரர் எடுத்துத் தொடர்ந்திருப்பார். எங்காவது ஒரு கம்பி கூடியிருக்கும், எதையாவது அறுத்து எடுத்திருப்பார்கள். அந்தக் கூடுதல் கம்பி எதற்கு என்று யோசிப்பதுதான் எனக்குப் பல வருஷமாகப் பொழுதுபோக்கு.

நான் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியராக இருந்தவன். பையில் எப்போதும் ஒரு நோட்டு இருக்கும். செல்போனில் படம் எடுத்துக்கொள்ளலாமே என்பார்கள். எடுக்கலாம்தான். ஆனால் வரைய உட்கார்ந்தால் செயின் எங்கே போய்ச் சேருகிறது, எந்தக் கம்பி எதில் முடிகிறது என்று பார்த்தே தீர வேண்டும். உரிமையாளரும் டீ குடித்துக்கொண்டே நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவார். பாதி விஷயம் அந்தப் பேச்சில்தான் கிடைக்கும்.

நம் ஊரில் பெரிய சைக்கிள் என்று சொல்வோமே, 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக் வைத்தது, அதிலிருந்து ஆரம்பிக்கிறேன். 1885-இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் ரோவர் என்ற பெயரில் ஒரு சைக்கிள் கொண்டுவந்தார். ஏறக்குறைய ஒரே அளவில் இரண்டு சக்கரம், மிதிப்பது நடுவில், செயின் பின் சக்கரத்துக்கு. அதற்கு முன்பு முன் சக்கரம் ஆள் நெஞ்சு உயரத்துக்கு இருந்தது. செயின் கிடையாது, பெடல் நேராகச் சக்கரத்திலேயே பூட்டியிருக்கும். ஒரு மிதிக்கு ஒரு சுற்று என்பதால், வேகம் வேண்டுமென்றால் சக்கரத்தைப் பெரிதாக்குவதைத் தவிர வேறு வழியில்லை. செயின் வந்ததும் அந்த உயரமெல்லாம் தேவையில்லாமல் போனது. 1949-இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியபோதும் அடிப்படை உருவம் அந்த ரோவர் உருவம்தான். இன்றைக்கும் அதேதான்.

சரி, அந்த உருவத்தின் மேல் நம் ஆட்கள் என்ன செய்தார்கள்? பால்காரர், மூட்டை ஏற்றுகிறவர் வைத்திருக்கும் சைக்கிளின் முன் சக்கரத்தைப் பாருங்கள். சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் போர்க்கின் இரண்டு காலுக்கும் துணையாக அச்சிலிருந்து ஹேண்டில்பார் வரைக்கும் இன்னும் இரண்டு கம்பி ஏறும். சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே டபுள் பார். கேரியர் கம்பி விரல் கனத்துக்கு மேல். இவற்றில் சிலதைக் கம்பெனியே போட்டுக் கொடுக்கும், மீதி பட்டறை வேலை. கேரியரின் இரண்டு பக்கமும் கொக்கி வளைத்திருந்தால் அது பால் கேனுக்கோ தண்ணீர்க் குடத்துக்கோ. கொக்கி மேலே இருந்தால் கேன், சற்றுக் கீழே இறங்கி வட்டமாக விரிந்திருந்தால் குடம். சைக்கிள் காலியாக நின்றாலும் தொழிலைச் சொல்லிவிடலாம்.

எனக்குப் பிடித்தது சாணை பிடிக்கிறவரின் சைக்கிள். தறிக்காரர் வீட்டில் நூல் வெட்டும் கத்தரி, தையல்கடைக் கத்தரி, வீட்டு அரிவாள்மணை எல்லாவற்றுக்கும் அவர்தான் வர வேண்டும். தூரத்தில் பார்த்தால் சாதாரண சைக்கிள். ஸ்டாண்டு போட்டு நிறுத்தியதும்தான் அது வேறு வண்டி என்று தெரியும். பின் சக்கரத்தை ஒட்டினாற்போல் டயர் இல்லாத இன்னொரு ரிம்மைப் போக்ஸ் கம்பிகளோடு சேர்த்துக் கட்டியிருப்பார். அந்த ரிம் பள்ளத்தில் ஒரு பட்டை ஓடும். பட்டை அவருடைய தொடைக்குப் பக்கத்தில் முன்னேறி, ஹேண்டிலுக்குக் கொஞ்சம் பின்னால் பார் மேல் பூட்டியிருக்கிற சின்ன உருளையைச் சுற்றும். அந்த உருளையின் அச்சில்தான் சாணைக்கல். அவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து மிதிக்கிறார், வண்டி நகராது, கல் சுற்றும்.

ஒருநாள் அவரிடம் கேட்டுக்கொண்டு அளந்து பார்த்தேன். செயின் ஓடும் பல்சக்கரத்தில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல். அப்படியென்றால் ஒரு மிதிக்குப் பின் சக்கரம் கிட்டத்தட்ட இரண்டரைச் சுற்று. ரிம்மின் குறுக்களவு உருளையைப் போலப் பத்து மடங்கு. ஆக ஒரு மிதிக்குக் கல் சுமார் 25 சுற்று. நிமிடத்துக்கு 60 மிதி சாவகாசமான வேகம்தான். அதற்கே கல் 1500 சுற்று சுற்றிவிடும். கரண்டு மோட்டார்களில் பலவும் ஓடுகிற வேகம் அது. இன்னொரு சங்கதியும் இருக்கிறது. காலை நிறுத்தினாலும் கல் உடனே நிற்காது. பிரீவீல் இருப்பதால் கனமான பின் சக்கரம் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். கத்தரியின் நுனிக்கு வரும்போது அவர் மிதிப்பதை விட்டுவிட்டு அந்த மிச்ச ஓட்டத்திலேயே மெதுவாக முடிப்பார். “மிதிச்சுக்கிட்டே நுனியைப் பிடிச்சா உடம்பு ஆடும் சார், நுனி கருகிடும்” என்றார். கல்லுக்குப் பக்கத்தில் ஒரு தகர டப்பா, அதில் தண்ணீர். டப்பாவைத் தாங்க வளைத்த கம்பியும் ஒரு பழைய போக்ஸ் கம்பிதான்.

அடுத்து மூன்று சக்கரம். இரண்டு சக்கர சைக்கிள் நன்றாக ஓட்டத் தெரிந்தவரை மூன்று சக்கர வண்டியில் ஏற்றிவிட்டால் பத்தடியில் சாக்கடை ஓரம் போய் நிற்பார். இது கேலியில்லை, காரணம் இருக்கிறது. இரண்டு சக்கரத்தில் விழப் போகிற பக்கம் ஹேண்டிலைத் திருப்பித்தான் நாம் நிமிர்கிறோம். உடம்புக்கு அது பழகிப்போய்விட்டது. நம் ரோடோ நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிந்திருக்கும். மூன்று சக்கர வண்டி அந்தச் சரிவோடு சாய்ந்தே நிற்கும். உடம்பு விழுகிறோம் என்று நினைத்து அதே பக்கம் திருப்பும், வண்டி இன்னும் ஓரத்துக்கு இறங்கும். குரங்கு பெடலில் சைக்கிள் கற்றவர்கள்கூட இதில் புதிதாகத்தான் பழக வேண்டும்.

லீ பஜாரில் மூட்டை ஏற்றும் மூன்று சக்கர சைக்கிள் நின்றால் குனிந்து பின் அச்சைப் பாருங்கள். செயின் அச்சைச் சுற்றுகிறது. ஆனால் அச்சு ஒரு சக்கரத்தோடு மட்டும்தான் இறுகப் பூட்டியிருக்கும். மற்றது சும்மா உருளும். காரணம் எளிது. திருப்பத்தில் வெளிச்சக்கரம் அதிகத் தூரம் ஓட வேண்டும், உள்சக்கரம் குறைவாக. இரண்டையும் ஒரே அச்சில் பூட்டிவிட்டால் ஒன்று தரையைத் தேய்த்துக்கொண்டுதான் வரும். ஒரு சக்கரத்தை விடுதலை செய்துவிட்டால் அந்தத் தொல்லை தீர்ந்தது. பதிலுக்கு, எடுக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். மழைக்காலத்தில் அந்த ஒற்றைச் சக்கரம் சேற்றில் வழுக்கும். “கனமான மூட்டையை இழுக்கிற சக்கரத்துப் பக்கம் போட்டா வழுக்காது” என்று ஒரு வண்டிக்காரர் சொன்னார். பிறகு கவனித்தேன், அவர் அடுக்கியிருந்த வெங்காய மூட்டைகள் வலப்பக்கம்தான் ஒன்று அதிகம்.

இதே சிக்கலை ஜேம்ஸ் ஸ்டார்லி வேறு விதமாகத் தீர்த்தார். முன்பு சொன்ன ஜான் கெம்ப் ஸ்டார்லியின் அப்பாவோடு பிறந்தவர். அவரும் அவருடைய மகனும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஆளுக்கொரு சக்கரத்தை மிதிக்கும் வண்டியில் போனார்களாம். மகன் இளந்தாரி, மிதி பலமாக இருந்தது. வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய்ச் செந்தட்டிப் புதரில் தள்ளிவிட்டது என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, 1877-இல் அவர் இரண்டு சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கர அமைப்பை மூன்று சக்கர சைக்கிளில் வைத்தார். 1881-இல் விக்டோரியா மகாராணியே அந்த வண்டி வேண்டும் என்று வாங்கினார். இன்று கார், லாரி எல்லாவற்றிலும் டிஃபரென்ஷியல் என்று இருப்பது அந்த வகைதான். நம் லீ பஜார் வண்டிக்கு அது வரவில்லை. விலையும் எடையும் ரிப்பேரும் யார் பார்ப்பது? மூட்டையை வலப்பக்கம் போட்டால் முடிந்தது.

பயணிகள் ரிக்‌ஷாவைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. 1973-இல் தமிழ்நாட்டில் கைரிக்‌ஷாவை ஒழித்து சைக்கிள் ரிக்‌ஷா கொடுத்தார்கள். பிறகு ஆட்டோ வந்தது. அவ்வளவுதான்.

மாற்றுத்திறனாளிகளின் கைமிதி வண்டியை மட்டும் நின்று பார்க்க வேண்டும். கான்பூரில் 1972-இல் தொடங்கிய ஆலிம்கோ என்ற மத்திய அரசு நிறுவனம் இவற்றைச் செய்கிறது. இப்போது இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் கிடைப்பதால் கைவண்டி குறைந்துவிட்டது. சேலத்தில் குகை என்ற பகுதியில் ஒருவர் அதிலேயே கடை வைத்திருக்கிறார். ஊதுபத்தி, கற்பூரம், பேனா. சீட்டுக்குப் பின்னால் ஒரு குழாயைப் பற்றவைத்துக் குடையைச் செருகியிருக்கிறார். கையால் சுற்றுகிற இடத்தில் வந்த பிளாஸ்டிக் பிடி உடைந்துபோக, தறியில் கழித்துப்போட்ட, நூல் சுற்றும் மரப் பாபினை மாட்டியிருக்கிறார். பாபினுக்கு நடுவில்தான் ஏற்கெனவே துளை இருக்கிறதே, அச்சில் தானாக உருளும். கை அதைப் பிடித்தபடியே இருக்கும், மரம் சுற்றிக்கொள்ளும், உள்ளங்கையில் உராய்வு இல்லை. வருஷக்கணக்கில் நூல் ஓடிய மரம், வழவழவென்று இருந்தது. எந்தக் கம்பெனிக்காரர் வந்தாலும் நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

ஏற்காட்டுக்கு வருவோம். மலைமேல் ஊருக்குள் சைக்கிள் குறைவு. அது ஏன் என்று மலைப்பாதையில் ஒருமுறை மிதித்துப் பார்த்தவருக்குச் சொல்ல வேண்டாம். சேலம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவு, ஏற்காடு 1500 மீட்டர். நடுவில் இருபது கொண்டை ஊசி வளைவு. நான் சொன்ன பெரிய சைக்கிளில் ஒரு மிதிக்கு ஐந்து மீட்டருக்கு மேல் நகர வேண்டும். அந்த ஏற்றத்தில் முடியாது. சனி, ஞாயிறு காலையில் அடிவாரத்திலிருந்து கூட்டமாக ஏறுகிற கியர் சைக்கிள்களில் முன்னால் 22 பல், பின்னால் 34 பல் என்று போட்டுக்கொள்ளலாம். ஒரு மிதிக்கு ஒன்றே கால் மீட்டர் சொச்சம்தான் நகரும். நடக்கிற வேகம், ஆனால் இறங்காமல் போகலாம்.

அந்தக் கூட்டத்தில் எப்போதாவது அபூர்வமானது மாட்டும். கணவனும் மனைவியும் ஒரே சைக்கிளில் முன்னும் பின்னுமாக மிதித்து ஏறுவதைப் பார்த்தேன். ஏறுவதைவிட இறங்குவதில்தான் அந்த வண்டிக்குச் சோதனை. இரண்டு பேர் எடையும் அத்தனை உயரமும் பிரேக்கில்தான் சூடாக இறங்க வேண்டும். ரிம்மைக் கவ்வுகிற பிரேக் என்றால் ரிம் கொதித்து டியூப் வெடிப்பதும் உண்டு. அதனால் அவர்கள் வண்டியில் டிஸ்க் பிரேக். வளைவுக்கு வளைவு நிறுத்தி ஆறவிட்டே இறங்கினார்கள்.

இன்னொரு தடவை, சாய்ந்து படுத்தபடி மிதிக்கும் சைக்கிள் ஒன்று டீக்கடை வாசலில் நின்றது. வெளியூர்ப் பயணி. பின்னால் நீளக் கம்பில் ஒரு சிவப்புக் கொடி, தாழ்வான வண்டி லாரிக்காரர் கண்ணில் பட வேண்டுமே. “தூக்கம் வராதாங்க?” என்று கடைப் பையன் கேட்டான். அவருக்கு மொழி புரியவில்லை, சிரித்தார். 1933-இல் பிரான்சில் பிரான்சிஸ் ஃபோர் என்பவர் இந்த மாதிரி வண்டியில் ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் பழைய சாதனையை முறியடித்தார். மறுவருஷமே சர்வதேச சைக்கிள் சங்கம் அந்த வகையைப் பந்தயத்திலிருந்து விலக்கிவிட்டது. காற்று குறைவாகத் தடுப்பதால் சமதளத்தில் அது பறக்கும். ஏற்றத்தில் மட்டும் எழுந்து நின்று மிதிக்க முடியாது. ஏற்காட்டுக்கு அதில் வந்தவருக்கு ஒரு கும்பிடு போட வேண்டும்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். ஓட்டல் வாசலில் பழைய சைக்கிளுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து, கேரியரில் பூந்தொட்டி வைத்து, செல்ஃபி எடுக்க நிறுத்துகிறார்கள். செயின் இல்லை, பெடல் சுற்றாது. அதை நான் சைக்கிள் கணக்கில் சேர்ப்பதில்லை.

வரைய ஆசைப்படும் பிள்ளைகளுக்கு ஒரு யோசனை. உரிமையாளரிடம் கேட்டுவிட்டு நில்லுங்கள். சரக்கு இறக்குகிற நேரத்தில் கேட்காதீர்கள், இறக்கி முடித்து டீ சொல்லும்போது கேளுங்கள்.

இப்போது எனக்குத் தெரிந்த பட்டறையில் ஒரு வண்டி பாதி வேலையில் நிற்கிறது. முன்னால் இரண்டு சக்கரம், நடுவில் பலகைத் தட்டு, பின்னால் ஒற்றைச் சக்கரம். மாம்பழ வியாபாரி ஒருவர் செய்யச் சொன்னது. சரக்கு கண்முன்னால் இருக்க வேண்டும், யாரும் பின்னாலிருந்து மல்கோவாவை உருவக் கூடாது என்பது அவர் கவலை. திருப்பும்போது தட்டோடு சேர்ந்து மொத்தச் சரக்கும் திரும்பும், அது கைக்குக் கனம். அதனால் பின் சக்கரத்தில் பேட்டரி மோட்டார் வைக்கலாம் என்கிறார். பேட்டரியைத் தட்டுக்கு அடியில் வைத்தால் முன்பாரம் இன்னும் கூடும், திருப்ப முடியாது என்பது பட்டறைக்காரர் வாதம். சீட்டுக்குக் கீழே வைத்தால் காலில் இடிக்கும் என்கிறார் வியாபாரி. நான் கிளம்பும்வரை பேச்சு முடியவில்லை. சீசனுக்குள் வண்டி ரோட்டுக்கு வந்தாக வேண்டும்.

நன்றி, வணக்கம்.